சூபாக்கா செத்தாரா, இல்லையா? கேனனை முடிவு செய்ய எந்த விதி உதவும்

ஸ்டார் வார்ஸ் படங்களில் ஹான் சோலோவின் உயிர்த்தோழனாக வரும் சூபாக்கா 1999-இல் செத்துப்போனார். ஹான் சோலோவின் கடைசி மகனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிட்டு, தான் ஏற முடியாமல், ஒரு நிலாவே கிரகத்தின் மேல் வந்து விழ, அதோடு மாண்டார். இது யாரோ ரசிகர் எழுதிய கதை இல்லை, லூகாஸ்ஃபிலிம் உரிமம் கொடுத்து வெளியான ஸ்டார் வார்ஸ் நாவல். அடுத்தடுத்து வந்த நாவல்கள் அந்தச் சாவையும் ஹானின் துக்கத்தையும் சுமந்துகொண்டுதான் நகர்ந்தன. 2015-இல் பார்த்தால் அதே சூபாக்கா திரையில், ஹானுக்குப் பக்கத்தில் கம்பீரமாக நிற்கிறார்.

நடுவில் நடந்தது ஒரு நிறுவன முடிவு. 2012 அக்டோபரில் டிஸ்னி சுமார் 405 கோடி டாலர் கொடுத்து லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. 2014 ஏப்ரல் 25 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. ஆறு படங்களும் தி குளோன் வார்ஸ் தொடரும் அதன் படமும் மட்டுமே நடந்தவை, இனி வரப்போகும் எல்லாம் அவற்றோடு சேரும், அதுவரை வந்த நாவல், காமிக்ஸ், கேம் எல்லாம் 'லெஜண்ட்ஸ்' என்ற பெயரில் தனியே நிற்கும். முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்த சரக்கு ஒரே நாளில் கட்டுக்கதை ஆனது. கட்டுக்கதைக்குள் கட்டுக்கதை!

கேனன் என்று ரசிகர்கள் சொல்வது, ஒரு கற்பனை உலகத்துக்குள் உண்மையில் நடந்தவை எவை என்ற கணக்கை. சும்மா படித்து ரசிப்பவருக்கு இந்தத் தலைவலி வேண்டாம். ஆனால் நீங்கள் ஒரு விக்கி தொகுக்கிறீர்கள், காலவரிசை போடுகிறீர்கள், நண்பர்களைக் கூட்டி அந்த உலகத்தில் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு நடத்துகிறீர்கள், சொந்தமாக ரசிகர் கதை எழுதுகிறீர்கள் என்றால் முதலிலேயே ஒரு விதி வேண்டும். பெரிய உலகங்கள் வெவ்வேறு விதிகளை வைத்துப் பார்த்திருக்கின்றன. எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம்.

நான் ஒவ்வொன்றிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இரண்டு படைப்புகள் முட்டிக்கொண்டால் இந்த விதி பதில் சொல்கிறதா? எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. பட்டியலுக்கு உள்ளேயே சண்டை வரும்போதுதான் சாயம் வெளுக்கிறது.

ஸ்டார் வார்ஸிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அங்கே இரண்டு விதிகள் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. 2014-க்கு முன் இருந்தது படிநிலை. 2000-இல் லூகாஸ்ஃபிலிமில் லீலண்ட் சீ என்பவர் ஹோலோக்ரான் என்ற உள் தரவுத்தளத்தைப் பராமரிக்கத் தொடங்கினார். படம், நாவல், காமிக்ஸ், கேம் என்று எங்கிருந்து வந்த தகவலுக்கும் அதில் ஒரு பதிவு உண்டு, பதிவுக்கு ஓர் எழுத்தும் உண்டு. ஜார்ஜ் லூகாஸின் படங்களும் அவரே சொன்னவையும் ஜி. பிற்பாடு சேர்ந்த தொலைக்காட்சித் தொடர் டி. நாவல், காமிக்ஸ், கேம் பெரும்பாலும் சி. சரியாக ஒட்டாத பழைய சரக்கு எஸ், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். 'இப்படி நடந்திருந்தால்' வகைக் கதைகள் என், கணக்கிலேயே இல்லை. மேல் படி பேசினால் கீழ்ப் படி வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் மேல் படி வாய் திறக்காத வரை கீழ்ப் படியில் இருப்பதும் நடந்ததுதான்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் படிநிலையின் அழகு இருக்கிறது. பணத்துக்கு ஆள் பிடிக்கும் போபா ஃபெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் வந்த ஒரு சிறுகதை அவருடைய பழைய பெயர் ஜாஸ்டர் மெரீல் என்றது. சொந்தக் கிரகத்தில் காவல் வேலையில் இருந்து, ஒரு கொலைக்காக நாடு கடத்தப்பட்டவர் என்றது. 2002-இல் படம் வந்து, போபா என்பவர் ஜாங்கோ ஃபெட்டின் குளோன் (நகலுயிர்), சிறுவயதிலிருந்தே ஃபெட்தான் என்று சொல்லிவிட்டது. ஜி பேசிவிட்டதால் சி விலக வேண்டும். ஆனால் ஜாஸ்டர் மெரீலைக் குப்பையில் போடவில்லை. அதே ஆண்டு வந்த காமிக்ஸ் ஒன்றில் அவர், அனாதையான ஜாங்கோவை எடுத்து வளர்த்த, மாண்டலோரியர் என்ற போர்வீரக் கூட்டத்தின் தலைவராக மறுபிறவி எடுத்தார். பழைய கதையில் போபாவுக்கு இருந்த பெயர், இப்போது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். படத்தின் சொல்லும் நின்றது, சிறுகதையும் பாதி பிழைத்தது.

கீழிருந்து மேலே ஏறியவையும் உண்டு. பேரரசின் தலைநகருக்கு கொரஸ்கண்ட் என்ற பெயரை வைத்தது 1991-இல் வந்த டிமத்தி ஸானின் நாவல். 1999-இல் லூகாஸின் படமே அதை எடுத்துக்கொண்டது. நீலத் தோல் ஜெடாய் (அந்த உலகத்தின் போர்த்துறவி) ஆய்லா செக்யூரா காமிக்ஸில் பிறந்து 2002-இல் படத்துக்குள் போனவர்.

இதன் கெடுதி கீழ்ப் படியில் உழைப்பவர்கள் தலையில் விடியும். மாண்டலோரியர்களின் மொழி, குடும்ப வழக்கம், போர்முறை எல்லாவற்றையும் நாவல்களில் பார்த்துப் பார்த்துக் கட்டியவர் கேரன் ட்ராவிஸ். தி குளோன் வார்ஸ் தொடர் மாண்டலோரை அமைதிவாதிகள் ஆளும் கிரகமாக மாற்றிவிட்டது. டி படி சி படியை மிதித்தது. அவர் தன் நாவல் வரிசையை முடிக்காமலே விலகிக்கொண்டார். எழுத்தாளருக்கு இது அநியாயம். ஆனால் தொகுப்பவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை, பதில் கையில் இருக்கிறது.

2014-க்குப் பின் வந்தது சமத்துவ விதி. லூகாஸ்ஃபிலிமில் ஒரு கதைக் குழு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும், ஆகவே புதிய நாவலும் காமிக்ஸும் படத்துக்குச் சமமான கேனன் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேனன் ஜாரஸ் என்ற ஜெடாயின் இளமைக் கதையை 2015-இல் மார்வெல் காமிக்ஸ் சொன்னது (பெயர்ப் பொருத்தத்துக்கு நான் பொறுப்பில்லை). அவருடைய குரு டெபா பில்லாபா கொல்லப்படும் இரவில் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், திடீரென்று குளோன் வீரர்கள் துப்பாக்கியைத் திருப்புகிறார்கள். 2021 மே மாதம் தி பேட் பேட்ச் தொடரின் முதல் பகுதி அதே சாவைக் காட்டியது. இங்கே பகல் நேரம், தரையெல்லாம் பனி, நடுவே ஒரு சண்டை முடிந்த சமயம். அடுத்த வருடம் இன்னொன்று. அசோகா என்ற முன்னாள் ஜெடாய் தலைமறைவாக ஒரு விவசாய நிலாவில் இருந்து, தேடி வந்தவனோடு மோதியதை 2016 நாவல் ஒரு விதமாகச் சொல்லியிருந்தது. 2022 குறும்பட வரிசை ஒன்று ஏறக்குறைய அதே சம்பவத்தை வேறு ஆட்களோடு, வேறு விதமாகச் சொன்னது.

இரண்டும் சமம் என்றால் எது நடந்தது? விதியிடம் பதில் இல்லை. நடைமுறையில் எல்லோரும் திரையில் வந்ததையே எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது பழைய படிநிலை போகவில்லை, எழுதி வைப்பதைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லாத படிநிலையைவிடச் சொல்லி வைத்த படிநிலை எனக்கு எவ்வளவோ மேல்.

ஸ்டார் ட்ரெக்கின் விதி இதைவிட எளிது: திரையில் ஓடியது நடந்தது, அச்சில் வந்தது நடக்கவில்லை. நாவலாசிரியர் யாரும் ஏமாற வழியில்லை, ஆரம்பத்திலேயே தெரியும். ஆனாலும் அச்சில் பிறந்த நல்ல விஷயங்கள் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டேதான் இருந்தன. விண்கப்பல் அதிகாரி சுலுவின் முதற்பெயர் ஹிகாரு 1981-இல் ஒரு நாவலில் பிறந்தது, 1991 படத்தில் வாயால் சொல்லப்பட்டு உண்மையானது. இன்னொரு அதிகாரி உஹுராவின் முதற்பெயர் நியோட்டா அதேபோல் நாவல்களில் புழங்கி, 2009 படத்தில் ஏறியது. 1973-74 அனிமேஷன் தொடரின் கதை வேடிக்கையானது. திரையில் வந்ததுதான், ஆனாலும் ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் அலுவலகம் பிற்பாடு அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. கேப்டன் கிர்க்கின் நடுப்பெயர் டைபீரியஸ் என்று திரையில் முதலில் சொன்னது அந்தத் தொடர்தான். 1991 படம் அதை மீட்டது. இப்போது அந்தத் தொடரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

திரைக்குள்ளேயே முட்டல் வந்தால்? 1966-இல் வந்த ஒரு பகுதியில் கிர்க்குக்காக எழுப்பிய கல்லறைக் கல்லில் ஜேம்ஸ் ஆர். கிர்க் என்று பொறித்திருக்கிறது, டைபீரியஸின் டி இல்லை. கிளிங்கான்கள் என்ற வேற்றுகிரக இனத்துக்கு அறுபதுகளில் நம்மைப் போல நெற்றி, 1979-லிருந்து மேடு பள்ளமான நெற்றி. ஒப்பனைக்குக் காசு வந்ததுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். 1996-இல் ஒரு பகுதி இதைக் கிண்டல் செய்தது. கிளிங்கானான வோர்ஃபிடம் கேட்கிறார்கள், வெளியாட்களிடம் அதைப் பேசுவதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அங்கேயே விட்டிருக்கலாம். 2005-இல் மரபணு, வைரஸ் என்று இரண்டு பகுதிகளுக்கு விளக்கம் சொன்னார்கள். எனக்கு வோர்ஃபின் பதிலே போதும்.

இன்னொன்றையும் ஸ்டார் ட்ரெக்குக்கு வரவு வைக்க வேண்டும். 2000-களில் தொடர்கள் முடிந்த இடத்திலிருந்து நாவல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு பெரிய கதையாக வளர்ந்தன. 2020-இல் பிகார்ட் தொடர் வந்து அவற்றைப் பொய்யாக்கியது. 2021-இல் மூன்று நாவல்கள் வெளியிட்டு, அந்தக் காலக்கோடு எப்படி மறைந்தது என்பதையே கதையாக்கி முடித்துவைத்தார்கள். ஸ்டார் வார்ஸின் பழைய நாவல்களுக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை, தகவல் பலகையில் ஒட்டிய காகிதம்போல் ஓர் அறிவிப்புதான்.

பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரான டாக்டர் ஹூவில் விதியே கிடையாது. 1963-இல் தொடங்கிய அந்தத் தொடருக்கு இன்னது கேனன், இன்னது இல்லை என்று பிபிசி பட்டியல் போட்டதே இல்லை. பால் கார்னெல் 1995-இல் எழுதிய நாவலில் ஏழாவது டாக்டர் (நாயகன் ஒருவர்தான், உடல் மாறும்போதெல்லாம் எண் கூடும்) மனிதனாக மாறி, தன்னை மறந்து, முதல் உலகப் போருக்குச் சற்று முன் ஓர் இங்கிலாந்துப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். 2007-இல் அவரே அதைத் தொலைக்காட்சிக்கு எழுதினார். இப்போது அதே சம்பவம் பத்தாவது டாக்டருக்கு நடக்கிறது. இரண்டும் நடந்ததா? ஒருவருக்கே இரண்டு முறையா? யாரும் பதில் சொல்லவில்லை, பெரிதாகக் கேட்கவும் இல்லை. காலத்தையே மாற்றி எழுதும் போர் கதைக்குள் நடந்திருக்கும்போது எதற்கும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். 2013-இல் வந்த ஒரு குறும்பகுதியில் எட்டாவது டாக்டர் உயிர் போகும் முன் பழைய தோழர்களின் பெயர்களைச் சொல்கிறார். அத்தனையும் பிக் ஃபினிஷ் வெளியிட்ட ஒலி நாடகங்களில் மட்டும் வந்தவர்கள். பல வருடமாக அவற்றைக் கேட்டுவந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட நிமிடம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படைப்பவர்களுக்கு இதைவிடச் சுதந்திரமான ஏற்பாடு இல்லை. தொகுப்பவருக்கு இதைவிட மோசமான ஏற்பாடும் இல்லை.

உரிமையாளரே தேவைப்படாத விதி ஒன்று உண்டு: மூல ஆசிரியர் எழுதியது மட்டும். ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்கள் வைத்திருப்பது அது. ஆர்தர் கோனன் டாயில் 1887 முதல் 1927 வரை வெளியிட்ட நான்கு நாவல், 56 சிறுகதை, மொத்தம் 60. அமெரிக்காவில் கடைசிக் கதைகளின் காப்புரிமையும் 2023 தொடக்கத்தில் முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் ஹோம்ஸ் கதை எழுதலாம். ஆனாலும் 60 அறுபதாகவே நிற்கிறது. விற்றாலும் வாங்கினாலும் அசையாத பட்டியல்.

அதுவும் சொல்கிற அளவுக்குச் சுத்தம் இல்லை. டாயில் 1896-இல் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர் இதழுக்கு ஹோம்ஸும் வாட்சனும் காலை உணவு மேஜையில் பேசும் ஒரு சின்னக் கதை எழுதிக் கொடுத்தார். பிற்பாடு ராணி மேரியின் பொம்மை வீட்டு நூலகத்துக்காகவும் ஒரு குட்டிக் கதை. இரண்டும் அவர் கையெழுத்துதான், இரண்டும் அறுபதில் இல்லை. மாறாக, அவர் காகிதங்களுக்கு நடுவே 1940-களில் ஒரு கதை அகப்பட்டு, டாயில் கதை என்றே 1948-இல் அச்சும் ஆனது. ஆர்தர் விட்டேக்கர் என்பவர் எழுதி டாயிலுக்கு விற்றது என்று பிறகு தெரிந்ததும் இறக்கிவிட்டார்கள். ஆக, அவர் எழுதியிருக்க வேண்டும், அதோடு முறையாகத் தொகுப்பிலும் சேர்ந்திருக்க வேண்டும். நிஜமான விதி அது.

உள்ளே முட்டல்களுக்குப் பஞ்சமே இல்லை. வாட்சனுக்குக் குண்டு பட்டது முதல் நாவலில் தோளில், இரண்டாவதில் காலில். ஜான் வாட்சனை ஒரு கதையில் மனைவியே ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். துப்பறியும் கதை எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: ஜான் எச். வாட்சனில் எச் என்பது ஹேமிஷ், ஜேம்ஸ் என்பதன் ஸ்காட்லாந்து வடிவம், வீட்டில் செல்லமாக அதை மாற்றி அழைத்திருப்பார். டாயில் மறந்துபோய் எழுதியிருப்பார் என்பது நமக்குத் தெரியாதா என்ன! விதி பதில் சொல்லாத இடத்தில் ரசிகர்கள் அதையே ஆட்டமாக்கிக்கொண்டார்கள். அறுபது கதைதான் என்பதால் அது கட்டுப்படியாகிறது. ஆயிரம் காமிக்ஸ் இருந்தால் ஆகாது.

ஆசிரியரே மனம் மாறினால் என்ன செய்வது என்பதற்கு டோல்கீனைத்தான் பார்க்க வேண்டும். 1937-இல் வந்த தி ஹாபிட்டின் முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக கோலம் என்ற குகைவாசி தானே முன்வருகிறது. தோற்றதும் மோதிரத்தைக் காணோம் என்று மன்னிப்புக் கேட்டு, நாயகன் பில்போவுக்கு வெளியே போக வழிகாட்டுகிறது. பிறகு தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதும்போது அந்த மோதிரம் யாரும் மனமுவந்து விட்டுக்கொடுக்க முடியாத பொருளாகிவிட்டது. பழைய அத்தியாயம் நிற்காது. டோல்கீன் அதைத் திருத்தி எழுதி 1951 பதிப்பில் சேர்த்தார். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அவரோ பெரிய நாவலின் முன்னுரையில் பழைய பதிப்பைப் பற்றியே எழுதினார்: அது பில்போ தன் நாட்குறிப்பில் எழுதி வைத்த பொய், மோதிரம் தனக்குத்தான் சொந்தம் என்று காட்டிக்கொள்ளச் சொன்னது. பழைய பதிப்பு வைத்திருந்தவர் கையில் இருப்பது பில்போவின் பொய் வாக்குமூலம்!

அவர் மறைவுக்குப் பின் 1977-இல் தி சில்மரிலியனைத் தொகுத்தவர் மகன் கிறிஸ்டோபர். முடியாத கைப்பிரதிகள், ஒரே கதைக்குப் பல வடிவங்கள். தேர்ந்தெடுத்துத் தைத்து ஒரு நூலாக்கினார். அதில் எல்ஃப் அரசன் கில்-கலாட் ஃபிங்கோனின் மகன். 1983 முதல் 1996 வரை அதே கிறிஸ்டோபர் 12 தொகுதிகளாகக் கைப்பிரதிகளை வெளியிட்டார். கடைசித் தொகுதியில், ஃபிங்கோனின் மகன் என்று போட்டது சரியில்லை என்று தானே எழுதினார். தந்தையின் பிந்தைய குறிப்புப்படி கில்-கலாட் ஓரோட்ரெத்தின் மகன். வெளியான நூல் ஒன்று சொல்கிறது, அதைத் தொகுத்தவரே மறுக்கிறார்.

சரி, எதை எடுப்பது? விக்கியோ காலவரிசையோ என்றால் பழைய ஸ்டார் வார்ஸ் படிநிலையைத்தான் சொல்வேன், டோல்கீனிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு. ஒவ்வொரு தகவலையும் உண்மை என்று எழுதாமல், இன்ன படைப்பு, இன்ன ஆண்டு, இன்ன படி சொல்கிறது என்று எழுதுங்கள். கில்-கலாட் பக்கத்தில் தந்தை என்ற இடத்தில் 'ஓரோட்ரெத் (டோல்கீனின் பிந்தைய குறிப்பு, 1996-இல் வெளியானது). ஃபிங்கோன் (1977 நூல், தொகுத்தவரே பின்னர் மறுத்தது)' என்று இரண்டு வரி போட்டால் விஷயம் முடிந்தது. நாளைக்கு யாராவது விதியை மாற்றினாலும் வரிசைதான் மாறும், தகவல் அழியாது. 2014-இல் இப்படி எந்தப் படைப்பு சொல்கிறது என்று குறித்து எழுதியிருந்த விக்கிகள் சுலபமாகச் சமாளித்திருக்கும், உண்மை என்று ஒரே குரலில் எழுதியவை ஒவ்வொரு பக்கமாகத் திருத்த வேண்டியிருக்கும்.

நண்பர்களோடு விளையாட்டு என்றால் படிநிலையெல்லாம் அதிகம். ஹோம்ஸ் வழியில் சின்னப் பட்டியலாகப் போடுங்கள்: முதல் மூன்று படம் மட்டும், அவ்வளவுதான். எல்லா நாவலும் படித்த ஒருவர் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார். அவர் கையை உயர்த்தும்போதெல்லாம் ஆட்டம் நிற்காமல் இருக்க இது ஒன்றே வழி. ரசிகர் கதை எழுதுபவர் டாக்டர் ஹூ வழியில் போகலாம், முதல் வரியில் எங்கிருந்து பிரிகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும்.

குழுவாகத் தொகுக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. விதியைத் தனிப் பக்கத்தில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். திரையா அச்சா, முந்தையதா பிந்தையதா, ஆசிரியர் பேட்டியில் சொன்னது கணக்கில் வருமா என்ற மூன்றுக்காவது அதில் பதில் இருக்கட்டும். மூன்றாவதில்தான் அதிகம் அடித்துக்கொள்வார்கள். பேட்டிகளுக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒரு படி கொடுத்துவிடுவது என் வழக்கம். மேடையில் ரசிகர் கேட்ட கேள்விக்கு அந்த நேரத்தில் தோன்றிய பதிலைச் சொல்லிவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதற்கு நேர்மாறாகவே கதை எழுதுபவர்கள் உண்டு.